மாற்றுக் குறைந்த வெள்ளிக்காசுகள்: பெயரும் பொருளும்

கி.பி. 1500க்கும் 1800க்கும் இடைப்பட்ட ஐரோப்பியச் சில்லறைக் காசுகளைச் சேகரிப்போரின் பேழைகளில் பெரும்பகுதியை நிரப்புபவை தூய வெள்ளிக்காசுகள் அல்ல, செப்புக்காசுகளும் அல்ல. வெள்ளியைவிடச் செம்பு மிகுதியாகக் கலந்த உலோகத்தால் அடிக்கப்பட்டவை அவை. நாணயவியலார் இக்கலவையைப் பில்லன் என வழங்குவர். இச்சொல்லின் வரலாறே கருதத்தக்கது. பிரெஞ்சு மொழியில் மரத்துண்டைக் குறித்த ஒரு சொல்லின் வழிப் பிறந்து, உலோகப் பாளத்தைக் குறித்து, பின்னர் உருக்குவதற்கென ஒதுக்கப்பட்ட மட்டமான உலோகத்தைக் குறித்து, இறுதியில் மட்டமான காசையே குறிக்கலாயிற்று. ஸ்பானியர் இதனை வெல்யோன் என ஏற்றனர். அம்மொழியில் ஆட்டின் கம்பளி உரோமத்தைக் குறிக்கும் சொல்லும் வெல்யோனே ஆதலின், வந்த சொல் பழகிய சொல்லின் வடிவத்தில் ஒடுங்கிற்று.

தாலர் போன்ற பெரிய வெள்ளிக்காசுகளும் பொற்காசுகளும் பார்வைக்கு இனியவை; அரசரின் முகமும் வாசகமும் தெளிவாகத் தெரிபவை. பில்லன் காசுகளோ மெல்லியவை, தேய்ந்தவை, அவசரத்தில் அடிக்கப்பட்டவை. பல காசுகளில் வாசகத்தின் பாதி தகட்டின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். ஆயிரக்கணக்கில் புதையல்களாகக் கிடைப்பதால் விலையும் குறைவு. எனினும் இவற்றைச் சேகரிப்பவர் முதலில் வாசிப்பவராக இருத்தல் வேண்டும். நான்கு எழுத்துகளையும் ஒரு கேடயத்தின் மூலையையும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களையும் கொண்டு, அடித்த அரசையும் ஊரையும் அவர் துணிகிறார். அதன்பின் காசினடியில் வைக்கும் சிறு சீட்டில் பெயர் எழுதவேண்டும். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. எடை தராசில் தெரியும். ஆண்டு பொறிப்பில் தெரியும். பெயர் எது என்பது அவ்வளவு எளிதில் தெரியாது. காசின்மேல் ஒரு பெயரும் அரசாணையில் வேறொரு பெயரும் சந்தையில் மற்றொரு பெயரும் வழங்கியிருக்கலாம். அக்கால ஆவணங்களையும் இலக்கியங்களையும் மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே.

பெயர்களை நன்னூலார் இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவர். ஐரோப்பியக் காசுப்பெயர்களுள் மிகப்பல காரணப்பெயர்களே. அவற்றுள்ளும் பல ஆகுபெயர்கள். காசில் வெள்ளி குறையக் குறையப் பெயருக்குரிய காரணம் மறைந்தது, பெயர் மறையவில்லை. காரணப்பெயர் இடுகுறியாகி நின்றது. ஆயினும் கடன்சீட்டும் கூலிக்கணக்கும் தண்டத்தீர்ப்பும் காரணம் இன்னும் இருப்பதுபோலவே அப்பெயரை எழுதிவந்தன. அந்த இடைவெளியில் சிலர் செல்வரானார்கள், பலர் அழிந்தார்கள்.

வெண்மை என்னும் பண்பு

சிறு வெள்ளிக்காசுகளுக்கு வெண்மையால் பெயரிடுதல் ஐரோப்பாவெங்கும் காணப்படும் வழக்கம். காஸ்டிலில் பிளாங்கா, பிரான்சில் பிளான், ரைன் நதிப் பகுதியில் இலத்தீன் வழிவந்த ஆல்பஸ், வட ஜெர்மானிய வணிக நகரங்களில் விட்டன் ஆகிய அனைத்தும் வெள்ளை என்னும் பொருளுடையவை. பைசாந்தியத்தின் ஆஸ்ப்ரோனும் துருக்கியரின் அக்சேயும் இவ்வினத்தவை. தமிழர்க்கு இது வியப்பளிக்காது. வெள் என்னும் அடியிற் பிறந்த வெள்ளி என்பதே பண்பாகுபெயர்தான். வேறுபாடு ஒன்றே: தமிழில் வெண்மை உலோகத்திற்குப் பெயராயிற்று, அங்கே காசுக்குப் பெயராயிற்று. உலோகம் வெண்மையை இழப்பதில்லை, காசு இழக்கும்.

நாணயச்சாலைகள் இதை அறிந்திருந்தன. செம்பு மிகுந்த தகட்டைச் சூடாக்கி, திராட்சை மது வடியும் கலத்தில் படியும் புளிப்புப்படிவும் உப்பும் கலந்த நீரில் இடுவர். மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து நீங்க, மெல்லிய வெள்ளித்தோல் எஞ்சும். அதன்மேல் அச்சடித்தால் காசு புதிதாய் இருக்கும்வரை வெண்மையாக ஒளிரும். ஜெர்மானியர் இத்தொழிலுக்கு இட்ட பெயர், வெளுக்கக் கொதிக்கவைத்தல் எனப் பொருள்படும். பெயருக்குரிய பண்பைக் காப்பாற்றவே ஒரு தொழில் ஏற்பட்டது எனலாம்.

அத்தோல் நெடுநாள் நில்லாது. காசின் உயர்ந்த பகுதியே முதலில் தேயும். இங்கிலாந்தில் 1544 முதல் 1551 வரை வெள்ளிக்காசுகள் பெரிதும் மட்டமாக்கப்பட்டன. எட்டாம் ஹென்றியின் முகம் நேராகப் பொறிக்கப்பட்டிருந்ததால் மூக்கு முதலில் சிவந்தது. செப்புமூக்கர் என்னும் பட்டப்பெயர் அவருக்கு வந்தது. 1560இல் முதலாம் எலிசபெத்தின் அரசு, முன்னைய ஆட்சியில் அடிக்கப்பட்ட டெஸ்டூன் காசுகளுள் ஒருவகைக்கு வேட்டைநாய் முத்திரையும் மற்றொருவகைக்குக் கோட்டைக்கதவு முத்திரையும் இட்டது. முன்னது 2¼ பென்னி, பின்னது 4½ பென்னி. டெஸ்டூன் தொடக்கத்தில் 12 பென்னிக்குச் சென்ற காசு. பெயரை நம்பமுடியாத நிலையில் அரசே படத்தால் விலை கூறிற்று.

சேகரிப்போர்க்கு இதில் ஒரு தொழிற்பாடம் உண்டு. புதையலிலிருந்து வரும் பில்லன் காசு பச்சைக் களிம்பேறியிருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முனைபவர் களிம்போடு வெள்ளித்தோலையும் நீக்கிவிடுகிறார். எஞ்சுவது செம்புத்தகடு. வெள்ளைக்காசு என்று பெயரெழுதிய சீட்டின்மேல் செந்நிறக் காசு கிடப்பதைச் சந்தைகளில் இன்றும் காணலாம்.

பிளாங்கா, அரை மரவேதி மதிப்புடைய அற்பக்காசாக இறங்கி மறைந்தது. ஆனால் கையில் பணமில்லை என்பதற்குப் பிளாங்கா இல்லாமலிருக்கிறேன் என்று கூறும் மரபுத்தொடர் ஸ்பானிய மொழியில் இன்றும் உயிரோடுள்ளது. மரவேதியின் வீழ்ச்சி இதனினும் பெரிது. அல்மொராவிது அரசமரபின் பொன் தினாரிலிருந்து பெயர்பெற்று, 1172ஆம் ஆண்டளவில் தொலெதோவில் கிறித்தவ அரசர் எட்டாம் அல்போன்சோ அரபு எழுத்திலேயே அடித்த பொற்காசு அது. 1497ஆம் ஆண்டின் ஆணைப்படி 34 மரவேதி ஒரு வெள்ளி ரியாலுக்குச் சமம். பின்னர் அது செப்புக்காசு. ஒரே சொல் பொன்னையும் பில்லனையும் செம்பையும் கடந்துவந்துள்ளது. ஆண்டு குறிக்கப்படாத மரவேதி என்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பொருளற்ற ஒலி.

ஒரே காசில் இரண்டு எண்கள்

போலந்தில் மூன்றாம் சிகிஸ்முண்டின் பெயரால் 1614 முதல் 1627 வரை பெருந்தொகையாக அடிக்கப்பட்ட ஒரு சிறுகாசு, சேகரிப்போர் பெரும்பாலும் முதலில் பெறும் பில்லன் காசுகளுள் ஒன்று. ஒருபக்கம் கேடயமும் அரசர் பெயரின் சுருக்கமும். கேடயத்தின் கீழ் 3 என்னும் எண். மறுபக்கம் சிலுவை சூடிய உலக உருண்டை. அதனுள் 24 என்னும் எண். உருண்டையின் இருபுறமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

3 என்பது மூன்று அரைக்குரோஷைக் குறிக்கும். அதாவது ஒன்றரைக் குரோஷ். போலிஷ் மொழியில் இதன் பெயர் பூவ்தோராக். ஒன்றரை என்னும் எண்ணால் அமைந்த எண்ணலளவை ஆகுபெயர். 24 என்பது ஜெர்மானியப் பேரரசின் கணக்கு: தாலரில் 24இல் ஒரு பங்கு. ஒரு பக்கம் போலந்து வணிகனிடமும் மறுபக்கம் ஜெர்மானிய வணிகனிடமும் பேசிற்று. ஜெர்மானியர் இதனை டிரைப்போல்க்கர் என்றனர். மூன்று என்பது தம் மொழிச்சொல், அரை என்பது போலிஷ்ச் சொல். இருமொழிக் கலப்புச் சொல்லுக்கு இதனினும் சிறு சான்று கிடைப்பது அரிது. ஹங்கேரியில் 1695 முதல் அடிக்கப்பட்ட போல்துரா என்னும் காசு இப்பெயரின் வழிவந்தது. அங்கே அது ஒன்றரைக் குரொய்ட்சர். ஒன்றரை என்னும் பொருள் நின்றது. எதில் ஒன்றரை என்பது மாறிற்று.

குரோஷ் என்னும் சொல்லோ தடித்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் மரபு. 1300இல் பொஹீமியாவின் இரண்டாம் வென்சஸ்லாஸ் குட்னா ஹோராவில் அடிக்கத் தொடங்கிய பிராகு குரோஷ், முந்தைய தகட்டுக்காசுகளை நோக்கத் தடித்ததே, ஏறத்தாழ 3.7 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அப்பெயரைச் சுமந்தவை விரலால் வளைக்கத்தக்க தகடுகள். துருக்கியின் குருஷும் அரபு நாடுகளின் கிர்ஷும் இச்சொல்லே. இன்று போலந்தின் ஸ்லோட்டியில் நூறில் ஒரு பங்கு குரோஷ்.

சாலிடஸ் என்னும் பெயரின் நிலை இன்னும் நகைப்புக்குரியது. கான்ஸ்டன்டைன் பேரரசர் ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடித்த கெட்டிப் பொற்காசின் பெயர் அது. கெட்டியானது என்பதே சொற்பொருள். 17ஆம் நூற்றாண்டில் ரீகா நகரம் அடித்த மிகச்சிறிய பில்லன் காசின்மேல் அதே சொல் முழுமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. பேச்சில் அது ஷில்லிங், போலிஷில் ஷெலாங். ஆக, காசின்மேல் எழுதிய பெயரை எவரும் வழங்கவில்லை. வழங்கிய பெயர் காசில் இல்லை. அக்காசுகளைப்போல் மால்தாவியாவில் சுச்சாவாக் கோட்டையில் போலிகள் அடிக்கப்பட்டன. 1661 முதல் 1665 வரை ஆண்ட எவுஸ்த்ராத்தியே தபிஜாவின் காலத்தோடு அவை இணைக்கப்படுகின்றன. செம்பின்மேல் வெண்ணிறம் ஏற்றப்பட்ட அவற்றைச் சேகரிப்போர் எழுத்துப்பிழைகளால் இனங்காண்கின்றனர். இலத்தீன் அறியாத செதுக்குநர் எழுத்தை எழுத்தாகக் காணாமல் கோடாகக் கண்டதன் விளைவு அப்பிழைகள். ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோரின் பிழைகளைக் கொண்டு மூலபாடம் தேடுவோர்க்கு இம்முறை புதிதன்று.

1619 முதல் 1623 வரை

பெயர் நிலைத்துப் பொருள் சரிந்தமை மக்களை நேரே தாக்கிய காலம், முப்பதாண்டுப் போரின் தொடக்கம். ஜெர்மானியர் இதனைக் கிப்பர்–விப்பர் காலம் என்பர். முன்னதைக் காசின் விளிம்பை நறுக்குதலோடும் பின்னதைத் தராசுத்தட்டை ஆட்டுதலோடும் தொடர்புபடுத்துவது வழக்கு. எதுகைபட அமைந்த இவ்விணைமொழி, நல்ல காசைப் பொறுக்கியெடுத்து உருக்கி மட்டமான காசாக்கிய அனைவரையும் குறித்த வசைச்சொல்.

அக்கால நாட்டுக்கணக்கு குல்டன். பொன்னாலாயது என்பது இதன் சொற்பொருள். உண்மையில் அது 60 குரொய்ட்சர் என்னும் எண்ணிக்கையாகவே வழங்கிற்று. குரொய்ட்சர், சிலுவை பொறித்த பழைய தீரோல் காசிலிருந்து பெயர் பெற்றது, சினையாகுபெயரின்பாற் படும். 1566இல் பேரரசின் ஆணை ஒரு தாலருக்கு 68 குரொய்ட்சர் என விதித்தது. போர் தொடங்கிய காலத்தில் அது 90 அளவில் இருந்தது. 1622இல் 600ஐயும் கடந்தது. தாலர் மாறவில்லை, அதிலுள்ள வெள்ளியும் மாறவில்லை. குரொய்ட்சர் என்னும் சொல்லும் மாறவில்லை. மாறியது அச்சொல் சுட்டிய தகடு மட்டுமே. சமையற்கலங்களும் காசாகின்றன என்று அக்காலத் துண்டுப்பிரசுரங்கள் எள்ளின.

பொஹீமியாவில் 1622இன் தொடக்கத்தில் நாணயச்சாலைகள் ஒரு குழுவுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆளுநர் லீக்டென்ஸ்டைன், வணிகர் ஹான்ஸ் டெ விட்டே, பிராகு யூதச் சமூகத்தின் யாக்கோப் பசேவி, படைத்தலைவர் வாலன்ஸ்டைன் முதலியோர் அதில் இருந்தனர். முன்னர் ஒரு மார்க்கு எடை வெள்ளியிலிருந்து 20 குல்டனுக்கும் குறைவாக அடிக்கப்பட்டது. குத்தகையின்படி 79 குல்டன் அடிக்கலாம். இக்காசைச் செக் மக்கள் நீண்ட நாணயம் என்னும் பொருள்படும் தொடரால் குறித்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் நீண்ட நாணயம் என எழுதினால், தமிழ் வாசகர் நீளமான ஒரு காசைக் கற்பனை செய்வார். நீண்டது காசன்று.

1620இல் வெள்ளைமலைப் போரில் தோற்ற பிரபுக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டு, மட்டமான இக்காசிலேயே விற்கப்பட்டன. வாங்கியோருள் லீக்டென்ஸ்டைனும் வாலன்ஸ்டைனும் உண்டு. நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் இழக்கவேண்டும் என்று தீர்ப்பான சிலரிடமிருந்து முழு நிலமும் எடுக்கப்பட்டு, எஞ்சிய பங்கின் விலை இக்காசில் எண்ணித் தரப்பட்டது. ஆவணத்தில் குல்டன் என்றே இருந்தது; தொகையும் சரியாகவே இருந்தது. 1623 டிசம்பரில் அரசு அக்காசின் மதிப்பை ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைத்தது. இறக்கம் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி, செக் மொழி இந்நிகழ்வைக் கலாதா என்கிறது. தாலர் மீண்டும் 90 குரொய்ட்சருக்கு நின்றது. நல்ல காசில் கடன் கொடுத்து மட்டக் காசில் திரும்பப் பெற்றவன், சொல்லளவில் எதையும் இழக்கவில்லை. சட்டம் சொல்லையே பார்த்தது.

இக்கால ஆவணமொன்றைத் தமிழாக்குவோர் குல்டனைப் பொற்காசு என்றோ, வெறுமனே பணம் என்றோ எழுதுவது பிழையென்பது வெளிப்படை. 1618இன் குல்டனையும் 1622இன் குல்டனையும் வேறுபாடின்றி எழுதுவது அதனினும் பெரும்பிழை. சொல்லை ஒலிபெயர்த்து வைத்து ஆண்டை அதனோடு சேர்த்தெழுதும் சேகரிப்போரின் சீட்டுமுறை இங்குப் பின்பற்றத்தக்கது. நாணயமாற்றுவோர்க்கென ஆண்ட்வெர்ப்பில் 1633இல் அச்சான கையேடு காசுகளை வரைபடமாகவே காட்டியது. பெயரைக் கொண்டு காசறிய முடியாது என்பதை அக்காலக் காசுக்கடைக்காரர் நம்மினும் நன்கு அறிந்திருந்தனர்.

செம்பாகிய வெல்யோன்

காஸ்டிலில் நிகழ்ந்தது வேறு. அங்கே பெரிய வெள்ளிக்காசு கெடவில்லை. சில்லறைக் காசிலிருந்த சிறிதளவு வெள்ளியை மூன்றாம் பிலிப்பின் அரசு 1599இல் நீக்கத் தொடங்கிற்று. 1602இல் எடையும் பாதியாயிற்று. 1603இல் பழைய காசுகள் மறுமுத்திரை இடப்பட்டு இருமடங்கு மதிப்புப் பெற்றன. கலவையைக் குறித்த வெல்யோன் என்னும் சொல், கலவையே இல்லாத தூய செம்புக்காசைக் குறித்துத் தொடர்ந்தது. 1628இல் மதிப்பு மீண்டும் பாதியாக்கப்பட்டது. பின்னும் ஏற்றமும் இறக்கமுமாக முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அக்காசொன்றைக் கையில் எடுத்தால் மூல உருவம் எதுவெனத் தெரியாத அளவுக்கு எண்கள் அடர்ந்திருக்கும். திருத்தங்களால் நிரம்பிய கையெழுத்துப் படியைப் படிப்பது போன்றது அது.

இயேசுசபை அறிஞர் ஹுவான் தெ மரியானா 1609இல் கொலோனில் அச்சிட்ட நூலொன்றில் இதைக் கண்டித்து, அதன்பொருட்டுச் சிறைப்பட்டார். குடிமக்களின் இசைவின்றிக் காசைக் கெடுத்தல் அவர்தம் உடைமையைப் பறித்தலே என்பது அவர் வாதம். இலத்தீனில் அவர் இட்ட தலைப்பு நாணய மாற்றத்தைப் பற்றியது. அவரே செய்த ஸ்பானிய வடிவத்தின் தலைப்பிலோ வெல்யோன் என்னும் சொல் இடம்பெற்றது. இலத்தீன் வாசகர்க்கு ஒரு கோட்பாடு. காஸ்டில் வாசகர்க்குத் தம் பையிலுள்ள காசு.

ஆளின் பெயர் காசுக்கு

போர்களால் வறண்ட போலந்தில் 1659 முதல் 1668 வரை செம்பு ஷெலாங்குகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. அதைத் திட்டமிட்டு நடத்தியவர் தீத்தோ லீவியோ புராத்தீனி என்னும் இத்தாலிய அறிஞர். மக்கள் அக்காசைப் போரதின்கா என்றனர். இதே புராத்தீனி 1675இல் வெளியிட்ட நூலில், உலகனைத்துக்கும் பொதுவான நீட்டலளவைக்கு மெத்ரோ என்று பெயரிட்டார். மீட்டர் என்னும் சொல்லை அளவைப் பெயராக வழங்கிய முதல்வர் என அவரைப் போற்றுவோர் உளர். அவர் பெயரால் போலந்தில் வழங்கியதோ அளவே இல்லாத காசு.

1663 முதல் 1666 வரை ஆந்திரேயாஸ் டிம்ப்பே என்னும் நாணயச்சாலைத் தலைவர் அடித்த மாற்றுக் குறைந்த வெள்ளிக்காசு டிம்ஃப் எனப் பெயர்பெற்றது. டின்ஃப் என்பதும் அதுவே. இவையிரண்டும் கருத்தாவாகுபெயர்கள். ஆணையிட்டது அரசும் ஆட்சிமன்றமும். பெயரில் நின்றது ஒப்பந்தக்காரர். டிம்ஃபின் மேலெழுதிய மதிப்பு 30 குரோஷ். வெள்ளியின் விலை அதில் பாதியும் இல்லை. நாட்டைக் காத்தலே உலோகத்தினும் விலை மிக்கது என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகத்தை அக்காசே சுமந்தது. தன் குறையைத் தானே சொல்லிச் செலாவணிக்கு வந்த காசு வேறு உண்டா என்பது ஐயம். சந்தை அதை 18 குரோஷுக்கே ஏற்றது. நாளடைவில், 18 குரோஷ் மதிப்புள்ள நல்ல காசுக்கும் அப்பெயரே வழங்கிற்று.

தமிழில் இத்தகைய சொல் இல்லாமலில்லை. துட்டு என்பது டச்சுக்காரரின் டொய்ட் என்னும் செப்புக்காசுப் பெயர் எனக் கொள்ளப்படுகிறது. அக்காசைக் கண்ணாற் காணாதவரும் துட்டு இல்லை என்கின்றனர். நம் காசு என்னும் சொல்லும் போர்ச்சுகீசியர் நாவில் கய்ஷா எனத் திரிந்து, கீழைநாட்டுச் சிறுநாணயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. கைப்பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதே ஒலியுடையதாயினும், பேழை என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின்வழி வந்த வேறு சொல்.

நல்ல பகடி ஒரு டின்ஃப் பெறும் என்னும் பழமொழி போலிஷ் மொழியில் இன்றும் வழங்குகிறது. பகடியைக் குறிக்கும் சொல்லும் பெறும் என்னும் பொருளுடைய சொல்லும் அம்மொழியில் இயைந்து ஒலிப்பதால் அது நிலைத்தது போலும். டின்ஃபின் வரலாறறிந்த மொழிபெயர்ப்பாளர், நல்ல பகடி செல்லாக்காசுக்குச் சமம் என்று எழுத விழையலாம். இன்றைய போலந்தினர் இதைப் பாராட்டாகவே சொல்கின்றனர்.